ஊர் வரலாறு எழுதப் போறீங்களா? சார்பே இல்லாம எழுத முடியாது, அதனால இப்படி எழுதிப் பாருங்க

போன வருஷம் எங்க அம்மாயி, அதாவது அம்மாவைப் பெத்தவங்க, ஊர் மாரியம்மன் கோயிலுக்கு கும்பாபிஷேகம் வந்துச்சு, மலர் ஒண்ணு போடலாம்னு முடிவு பண்ணி, அதுல ஊர் வரலாறு நாலு பக்கம் நீ எழுதிடு தம்பி, நீதான் சேலத்துல படிச்சவன், யாரு பக்கமும் சாயாம எழுதுவேன்னு சொல்லி என் தலையில கட்டிட்டாங்க. ஊரு ஏற்காட்டுல, ஏரியைத் தாண்டி உள்ள போற பாதையில ஒரு காப்பி எஸ்டேட்டை ஒட்டி இருக்கு, பேரு இப்போதைக்கு வேண்டாம். நாலு பக்கம்தானே, ஒரு ஞாயித்துக்கிழமை வேலைன்னு நினைச்சேன். எட்டு மாசம் ஆச்சுங்க. அந்த எட்டு மாசத்துல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதறேன், ஊர் வரலாறோ குடும்ப வரலாறோ தெரு வரலாறோ எழுத உக்கார்றவங்களுக்கு உதவும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், சார்புங்கறதே இல்லாத வரலாறுன்னு ஒண்ணு கிடையாது. ஜெர்மனியில ராங்கேன்னு ஒருத்தர் 1824ல, தீர்ப்பு சொல்றது என் வேலை இல்ல, நடந்தது எப்படி நடந்துச்சோ அப்படியே காட்டறதுதான் என் வேலைங்கற மாதிரி எழுதினாரு, அந்த ஒரு வரியைப் புடிச்சுக்கிட்டு ரொம்ப காலம் ஓட்டுனாங்க. காப்பகத்துல போய் உக்காந்து மூலக் காகிதத்தைப் பாத்துட்டு எழுதுங்கன்னு பழக்கி விட்டது அவருதான், அது பெரிய காரியம். ஆனா காப்பகத்துல என்ன இருக்கும்? அரசாங்கம் எதை எடுத்து வெக்கணும்னு நினைச்சுதோ அது இருக்கும். காப்பிப்பழம் பறிச்ச பொம்பளைங்க மத்தியானம் சோத்துப் போசியைத் திறந்து வெச்சுக்கிட்டு என்ன பேசிக்கிட்டாங்கன்னு எவனும் ஃபைல் போட்டு வெக்கல. அப்போ காகிதத்தை மட்டும் நம்பி எவ்வளவு நேர்மையா எழுதினாலும் காகிதம் எழுதினவன் பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் நிப்பீங்க.

அதுக்காக எல்லாமே அவனவன் பார்வைதான், எதை எழுதினாலும் சரிதான்னு கிளம்பறவங்களையும் எனக்குப் புடிக்காது, அது சோம்பேறித்தனம். சேலம் செவ்வாப்பேட்டையில வெள்ளி வாங்கப் போனா கடைக்காரர் லாபத்துக்குத்தான் உக்காந்திருக்காருன்னு நமக்குத் தெரியும், அதுக்காக தராசே பொய்யின்னு சொல்லிட்டு வந்துடறோமா என்ன, டச், அதாவது சுத்தம், எவ்வளவுன்னு கேக்கறோம், சந்தேகம்னா பக்கத்துக் கடையில ஒரு தடவை எடை போட்டுப் பாக்கறோம். இங்கயும் அதே வேலைதான்.

சரி, எங்க ஆரம்பிக்கறது? உங்ககிட்ட இருந்து. பேனா எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல நீங்க யாரு, யாரோட பேரன் பேத்தி, இந்தக் கதையில யாரு நல்லவரா வந்தா உங்களுக்கு சந்தோஷம், யாரு கெட்டவரா வந்தா ராத்திரி தூக்கம் வராதுன்னு எழுதி மடிச்சு வெச்சுக்கோங்க. நான் எழுதினது இதுதான்: "மேஸ்திரி பேரன். அப்புச்சி கெட்டவரா வரக்கூடாது." அப்புச்சின்னா அம்மாவோட அப்பா, அந்த எஸ்டேட்ல ஆளுங்களை மேய்ச்ச மேஸ்திரி. எழுதறப்போ சிரிப்பா இருந்துச்சு, பின்னாடி எத்தனை தடவை அந்தத் தாளை எடுத்துப் பாத்தேன்னு எனக்குத்தான் தெரியும்.

அடுத்தது, கையில கிடைக்கற ஒவ்வொரு சான்றையும் இது யாரு செஞ்சது, யாரு காசுல செஞ்சது, யாரு பாக்கறதுக்குன்னு விசாரிக்கணும். கல்வெட்டா இருந்தாலும் விடாதீங்க. பழைய சேலம் ஜில்லாவுல, அதாவது இப்போ தர்மபுரி கிருஷ்ணகிரின்னு பிரிஞ்சு போன பக்கம் எல்லாம், நடுகல் நிறைய கிடக்கு. மாட்டு மந்தையை அப்போ தொறுன்னு சொல்லுவாங்க. தொறு மீட்டுப் பட்டான்னு ஒரு கல்லு, தொறு கொள்ளப் போய்ப் பட்டான்னு இன்னொரு கல்லு, பட்டான்னா செத்தான். ரெண்டு பேரும் வீரன், ரெண்டு பேருக்கும் கல்லு நட்டு சாமியாக் கும்பிட்டிருக்காங்க. மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தவன் இந்த ஊருக்கு வீரன், பறிகொடுத்த ஊருக்கு கள்ளன். ஒரு கல்லை மட்டும் படிச்சா அந்த ஊர்க்காரனாவே ஆயிருவோம். ஆனா ரெண்டு வகைக் கல்லையும் சேத்துப் பாத்தா, அந்தக் காலத்துல மாடுதான் சொத்து, மாட்டுக்காக ஊருக்கு ஊரு அடிச்சுக்கிட்டாங்கங்கறது ரெண்டு பக்கமும் சந்தேகமில்லாம நிக்குது. சார்பு இருக்கற சான்றுல இருந்தே சார்பு இல்லாத தகவல் எடுக்கலாம்னு சொல்றேன், எழுதினவன் சொல்ல வந்ததை விட சொல்லாம விட்டுப் போட்டதுல கிடைக்கும்.

கலெக்டர் காலத்துப் புத்தகங்களும் அப்படித்தான். சேலம் மாவட்டத்துக்கு லெ ஃபானு எழுதின மேனுவல் 1883ல வந்தது, ரிச்சர்ட்ஸ் எழுதின கெஜட்டியர் 1918ல. ரெண்டுமே உபயோகம், நானே நிறைய எடுத்தேன். ஆனா அது நிர்வாகம் நடத்த எழுதினது, வரி எவ்வளவு, நிலம் எப்படி, எந்த ஜனம் எப்படின்னு துரைமார் மேசைக்குப் போன புத்தகம். அந்தப் பார்வை இப்பவும் போர்டுல இருக்கு பாருங்க. 1820ல இருந்து 1829 வரைக்கும் சேலத்துல கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் ஏற்காட்டுக்கு காப்பி கொண்டு வந்தவர், அவரை ஏற்காட்டின் தந்தைன்னு எழுதறாங்க. காப்பி கொண்டு வந்தது சரி. ஆனா அவரு வர்றப்போ மலை காலியாவா கிடந்துச்சு? சேர்வராயன் மலையில மலையாளி ஜனங்க, கேரளாக்காரங்க இல்ல, மலைவாழ் பழங்குடிங்க, அதுக்கு முன்னாடியே இருந்தாங்க, காஞ்சிபுரத்துல இருந்து அண்ணன் தம்பி மூணு பேரு வந்து ஆளுக்கு ஒரு மலையா பிரிஞ்சு போனாங்க, சேர்வராயன் மலை கொல்லிமலை பச்சைமலைன்னு அவங்க ஒரு கதை சொல்லுவாங்க. அந்தக் கதையை அப்படியே வரலாறா எடுத்துக்கச் சொல்லல. ஆனா இந்தக் கதை இருக்கறப்போ "தந்தை"ங்கற வார்த்தையை நான் மலர்ல போடல, "காப்பி கொண்டு வந்த கலெக்டர்"னு போட்டேன். ஒரு வார்த்தை மாத்தினதுக்கு கமிட்டியில முக்கா மணி நேரம் சண்டை.

வார்த்தை சமாச்சாரம் சின்னது இல்லைங்க. 1950 பிப்ரவரி 11ல சேலம் மத்திய சிறையில கம்யூனிஸ்ட் கைதிங்க மேல துப்பாக்கிச்சூடு நடந்து 22 பேர் செத்தாங்க. இதை ஒருத்தர் சிறைக் கலவரம்னு எழுதுவாரு, இன்னொருத்தர் சேலம் சிறைப் படுகொலைன்னு எழுதுவாரு, துப்பாக்கிச்சூடுன்னு எழுதினா பொதுவா இருக்கும்னு நினைச்சா அதுலயும் யாரு சுட்டாங்கங்கறது காணாமப் போயிருது. நான் பழகிக்கிட்ட வழி, யாரு யாரை என்ன செஞ்சாங்கன்னு ஆள் வெச்சு முழு வாக்கியமா முதல்ல எழுதிடறது, பேரு வெக்கறது அப்புறம். காவலருங்க சுட்டாங்க, கைதிங்க 22 பேர் செத்தாங்க. இதுல இருந்து கலவரம்னு சொல்றவரும் படுகொலைன்னு சொல்றவரும் ஓட முடியாது.

எண்ணும் அப்படி ஓட விடாது. 1871 சென்சஸ்ல சேலம் ஜில்லாவுல சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர், 1881ல எண்ணினப்போ 16 லட்சம்கிட்டதான். நடுவுல தாது வருஷப் பஞ்சம், 1876ல இருந்து 78 வரைக்கும். பத்து வருஷத்துல மூணரை லட்சத்துக்கு மேல குறைஞ்சிருக்கு, யாரு பார்வையில பாத்தாலும் அது குறைஞ்சதுதான். சண்டை எங்க வருதுன்னா ஏன்னு கேக்கறப்போ. மழை பொய்ச்சுது, உண்மை. 1877ல ரிச்சர்ட் டெம்பிள்ங்கற அதிகாரி வந்து, நிவாரண வேலை செய்யற ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும்னு குறைச்சாரு, அதுவும் உண்மை. அதே நேரத்துல இந்தியாவுல இருந்து கோதுமை கப்பல் ஏறிக்கிட்டே இருந்துச்சு, அதுவும் உண்மைதான். மூணும் உண்மை, ஆனா எதை முதல் வரியில வெக்கறீங்களோ அங்கதான் உங்க கட்சி தெரியுது. அதனால உண்மையைத்தானே எழுதினேன்னு தப்பிக்கப் பாக்காதீங்க, எதை முன்னாடி வெச்சேன், எதை விட்டேன்னு நீங்களே ஒரு தடவை கேட்டுக்கோங்க.

தேதிக்கு ஒரு எச்சரிக்கை. ரெண்டு தேதி இடிச்சா உடனே ஒருத்தன் புளுகறான்னு முடிவு கட்டாதீங்க. தீரன் சின்னமலையை சங்ககிரிக் கோட்டையில தூக்குல போட்டது 1805 ஜூலை 31னு புத்தகத்துல இருக்கும், நம்ம ஜனங்க ஆடிப்பெருக்கு அன்னைக்கு சங்ககிரியில மாலை போடுவாங்க, இப்போ ஆடி 18 வர்றது ஆகஸ்ட் 2 இல்ல 3. பாத்தீங்களா ஊர்க்கதை தப்புன்னு நானும் ஒரு காலத்துல பேசினவன்தான். அப்புறம்தான் தெரிஞ்சுது, தமிழ் வருஷத்துக்கும் இங்கிலீஷ் வருஷத்துக்கும் நூறு வருஷத்துக்கு ஏறக்குறைய ஒண்ணரை நாள் தள்ளிப் போகும், 1805க்கு கணக்குப் போட்டா ஆடி 18 ஜூலை 31 பக்கத்துலதான் போய் நிக்குது. ரெண்டு பேரும் ஒரே நாளைத்தான் சொல்றாங்க. சின்னமலை விஷயத்துல இன்னொண்ணும் கவனிச்சேன், திப்பு குடும்பம் ஆண்ட மைசூருக்குப் போற வரிப்பணத்தைப் பிடுங்கி சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவுல சின்னமலை பிடுங்கிட்டான்னு போய்ச் சொல்லுன்னு அனுப்பின கதையை ஒரு கூட்டம் சொல்லும், அவரே பின்னாடி திப்புவோட சேந்து கம்பெனியை எதிர்த்ததை இன்னொரு கூட்டம் சொல்லும், ரெண்டையும் ஒரே மேடையில நான் அதிகம் கேட்டதில்ல.

இப்போ என் நோட்டு கதைக்கு வர்றேன், இதை கொஞ்சம் விரிவாவே சொல்லணும்.

ஊருல எல்லாருக்கும் பெருமை எஸ்டேட் தொழிலாளிங்களோட அந்த ஓட்டு லைன் வீடுங்கதான், 1957ல கட்டினது, கதவு மேல வருஷம் பொறிச்சிருக்கு. எப்படி வந்துச்சுன்னு அம்மாயியைக் கேட்டா, "துரை நல்ல மனுசன் கண்ணு, குழந்தை குட்டியோட ஒழுகுற குடிசையில கிடக்கறோம்னு பாத்துட்டு மனசு கேக்காம கட்டிக் குடுத்தாரு"ன்னு சொல்லும். நாலு வீடு தள்ளி இருக்கற பெரியவர் ஒருத்தர், அப்போ பன்னெண்டு வயசுப் பையன், அவரைக் கேட்டா, "குடுத்தாராமா குடுத்தாரு, எங்கம்மா எல்லாம் பதினொரு நாள் பழத்துல கை வெக்கல தம்பி, அப்புறம்தான் குடுத்தாரு"ங்கறாரு. ஒரே ஊரு, ஒரே வீடு.

அப்புச்சி மேஸ்திரியா இருந்தப்போ எழுதின ஆள் கணக்கு நோட்டு ஒண்ணு பரண் மேல இருந்துச்சு. நீள நோட்டு, அட்டை போயிருச்சு, ஓரம் எல்லாம் பூச்சி அரிச்சிருக்கு. ஒரு பக்கம் பொம்பளைங்க பேரு, எதிர்ப்பக்கம் ஆம்பளைங்க பேரு, தேதிக்கு நேரா முழுநாள்னா ஒரு கோடு, அரைநாள்னா பாதிக் கோடு. 1955 டிசம்பர்ல வந்தா பொம்பளைங்க பக்கத்துல ஒம்பது நாள் கோடே இல்ல. குறுக்கால சாய்ச்சு ஒரு கோடு இழுத்து பென்சில்ல "மழை"ன்னு எழுதியிருக்காரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. பெரியவருக்கு ஞாபகப் பிசகு, அது மழை, போராட்டமும் இல்ல ஒண்ணும் இல்ல, அப்புச்சியும் சங்கடத்துல மாட்டலன்னு எழுதியே முடிச்சுட்டேன். அப்புறம்தான் மடிச்சு வெச்ச தாள் ஞாபகம் வந்துச்சு, மேஸ்திரி பேரன்.

திரும்ப நோட்டைப் பிரிச்சேன், மூணாவது தடவைதான் எதிர்ப்பக்கம் கண்ணுல பட்டுது. அதே ஒம்பது நாளும் ஆம்பளைங்களுக்கு கோடு இருக்கு, பக்கத்துல வேலை என்னன்னு "களம்"னு எழுதியிருக்கு. களம்னா காப்பி காயப்போடற இடம்ங்க. பொம்பளைங்களுக்கு மட்டும் மழை பெய்யுது, பத்தடி தள்ளி ஆம்பளைங்க காப்பி காய வெச்சுக்கிட்டு இருக்காங்க.

காப்பி எஸ்டேட்ல தினமும் மழை அளந்து எழுதி வெப்பாங்க, சென்ட் கணக்குல, ஒரு சென்ட்னா அங்குலத்துல நூத்துல ஒரு பங்கு. அந்த ஆபீஸ்ல நாலு தடவை அலைஞ்சு, பழைய மழை நோட்டை உக்காந்து பாக்க மட்டும் விட்டாங்க, போட்டோ எடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. அந்த ஒம்பது நாள்ல ஒரே ஒரு நாள், 4 சென்ட். இலை நனையற மழை.

இதுக்கு அப்புறம் செஞ்சதைத்தான் நீங்களும் செய்யணும்னு சொல்லுவேன். அம்மாயிகிட்ட முதல் தடவை நான் "ஸ்ட்ரைக் நடந்துச்சா"ன்னு கேட்டிருந்தேன், "அதெல்லாம் இங்க கிடையாது"ன்னு பட்டுனு பதில் வந்துச்சு, அது பொய்யும் இல்ல, ஏன்னா அவங்களுக்கு ஸ்ட்ரைக்னா கொடி, கோஷம், சேலத்துல மில்லு வாசல்ல நடக்கறது. ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்வியும் வேண்டாம், உங்க வார்த்தையை அவங்க வாயில திணிக்கறதும் வேண்டாம். கையில பொருளைக் குடுங்க. ரெண்டாம் தடவை நான் கேள்வியே கேக்கல, நோட்டை மடியில விரிச்சு வெச்சு, "அம்மாயி, அப்புச்சி இங்க மழைன்னு எழுதியிருக்காரு பாரு"ன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பென்சில் கோட்டைத் தடவிக்கிட்டு இருந்துச்சு. "மழைன்னு எழுதினா பேரு வெட்ட மாட்டாங்கல்ல கண்ணு"ன்னுச்சு. அப்போ நீயும் போகலையான்னு கேட்டேன். "அத எதுக்கு இப்போ"ன்னு சொல்லிட்டு அரிசி புடைக்கப் போயிருச்சு.

அந்த நோட்டுல எழுதினது பொய், ஆனா நாலு பக்கத்துலயும் அதை விட உறுதியான சான்று எனக்குக் கிடைக்கல. அப்புச்சி யாரைக் காப்பாத்த எழுதினாரு, அந்தப் பொம்பளைங்களையா, தன்னோட மேஸ்திரி வேலையையா, அம்மாயியையா, அது எனக்குத் தெரியாது, அதனால மலர்ல அதைப் பத்தி ஒரு வரிகூட ஊகமா எழுதல. கையில சான்று இல்லாத இடத்துல கதையில ஓட்டை இருந்தா இருக்கட்டும், நம்ம மனசுக்குப் புடிச்ச மாதிரி அடைக்காதீங்க. அப்புறம் ஒண்ணு, உயிரோட இருக்கறவங்க பேரைக் கேக்காம போடாதீங்க. அம்மாயி வேண்டாம்னுச்சு, போடல.

இத்தோட முடியல. 1951ல தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து 1954ல அமலுக்கு வந்திருக்கு, தொழிலாளிக்கு வீடு கட்டித் தர்ற பொறுப்பு தோட்டத்தோடதுன்னு அதுல இருந்துச்சு. அப்போ துரை மனசா, பொம்பளைங்க கை வெக்காததா, டெல்லியில போட்ட சட்டமா? சட்டத்தை அம்மாயியும் சொல்லல பெரியவரும் சொல்லல, அவங்க கண்ணுக்குத் தெரியாத காரணம் அது. கூடப் பொறந்தவங்களைக் கேட்டாலும் கிடைக்காத காரணம் சில நேரம் வெளியில இருந்துதான் வரும், அதனால உள்ளூர்க்காரன்தான் சரியா எழுதுவான்னு சொல்றதுலயும் பாதிதான் நியாயம்.

கமிட்டியில "நிர்வாகத்தின் நல்லெண்ணத்தால்"னு போட்டு முடிச்சுடுன்னாங்க, நன்கொடைப் பட்டியல்ல எஸ்டேட்தான் முதல் பேரு. நான் தேதி வரிசையில வெச்சேன்: 1951 சட்டம், 1954 அமல், 1955 டிசம்பர்ல பொம்பளைங்க வேலைக்குப் போகாத ஒம்பது நாள், 1957 வீடு. இது பாக்க ரொம்ப நியாயமா இருக்கும், ஆனா இதுலயும் ஒரு சாய்வு இருக்கு, ஒண்ணு பின்னாடி ஒண்ணு அடுக்கினாலே முதல்ல வந்ததாலதான் அடுத்தது வந்துச்சுன்னு படிக்கிறவங்க எடுத்துக்குவாங்க. அதனால கீழ ஒரு வரி சேத்தேன், சட்டம் இருந்தாலும் பொம்பளைங்க நிக்காட்டி இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காதுங்கறது என் கணிப்பு, நான் அந்த மேஸ்திரியோட பேரன், நோட்டு என்கிட்டதான் இருக்கு, யாரு வேணும்னாலும் வந்து பாக்கலாம்னு. இதை மட்டும் யாரும் வெட்டச் சொல்லல, ஆச்சரியம்தான்.

மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை பெரியவர்கிட்ட கொண்டு போய்க் குடுத்தேன். திண்ணையில உக்காந்து கண்ணாடியை ஏத்திக்கிட்டு அந்தப் பக்கத்தை விரலை ஓட்டி ஓட்டிப் படிச்சாரு, சட்டைப் பையில இருந்து பேனாவை எடுத்தாரு, ஒம்பதை அடிச்சுட்டு மேல பதினொண்ணுன்னு எழுதி என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டாரு. அந்தப் பிரதியை இப்போ நோட்டுக்கு உள்ளேயே வெச்சிருக்கேன், டிசம்பர் பக்கத்துல.